வாடகை ஒப்பந்தம்: "மின்சாரம், தண்ணீர் வாடகைதாரர் பொறுப்பு" என்ற ஒரு வரி போதுமா?

#1 மேல்வீடு

வணக்கம். நாங்கள் மாடியில் இருக்கிறோம், கீழ்வீட்டை வாடகைக்கு விட்டிருந்தோம். 14 மாதம் இருந்த குடும்பம் போன மாதம் காலி செய்துவிட்டது. நல்ல மனிதர்கள்தான். ஆனால் கடைசி மூன்று மாதமும் கரண்ட் பில் பேச்சு வராத வாரமே இல்லை. "பகலில் வீட்டில் ஆளே இல்லை, இவ்வளவு யூனிட் எப்படி சார் வரும்?" என்பார் அவர். "மீட்டர் காட்டுவதைத்தானே நான் சொல்ல முடியும்" என்பேன் நான். கிளம்பும்போது கடைசி மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுச் சாவியை மேசைமேல் வைத்தார். முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகு ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். இரண்டு பக்கம். பெயர், முகவரி, சாட்சிக் கையெழுத்து எல்லாம் கச்சிதம். பணம் பற்றி இருந்தது இவ்வளவுதான்: "வாடகையை மாதாமாதம் முதல் வாரத்தில் செலுத்த வேண்டும். மின்சாரம், தண்ணீர் கட்டணங்கள் வாடகைதாரரின் பொறுப்பு."

வீட்டுக்கு வருவது ஒரே மின் இணைப்பு, என் பெயரில். கீழ்வீட்டுக்கு சப் மீட்டர் வைத்திருக்கிறோம். தண்ணீருக்கு மீட்டர் ஒன்றுதான், தொட்டியும் மோட்டாரும் பொது. வருகிற 12ஆம் தேதி புதுக் குடும்பம் வருகிறது. இந்த முறை ஒழுங்காக எழுத ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

#2 பேரேடு

தேதியிலிருந்து தொடங்குங்கள். "முதல் வாரம்" என்பது தேதி அல்ல. உங்களுக்கு அது 1, அவருக்கு அது 7. இரண்டு பேரும் நியாயமாகத்தான் நினைப்பீர்கள், அதனால்தான் சண்டை வரும்.

இப்படி எழுதுங்கள்: வாடகை எந்த மாதத்துக்கானது (நடப்பு மாதமா, முடிந்த மாதமா), எந்தத் தேதியில் செலுத்த வேண்டும், எத்தனையாம் தேதி வரை தாமதமாகக் கருதப்படாது. அப்புறம் பலர் விட்டுவிடுகிற ஒன்று: பணம் அனுப்பிய நாள் கணக்கா, உங்கள் கணக்கில் வந்து விழுந்த நாள் கணக்கா? வங்கி விடுமுறையில் தேதி விழுந்தால் அடுத்த வேலை நாள் செல்லுமா?

எந்த வழியில் செலுத்துவது என்பதையும் எழுதுங்கள். வங்கிப் பரிமாற்றம் என்றால் எந்தக் கணக்கு, குறிப்பில் என்ன போட வேண்டும் ("மார்ச் வாடகை" என்று மாதம் வர வேண்டும்). ரொக்கம் என்றால் அன்றைக்கே ரசீது. ரசீது தராமல் ரொக்கம் வாங்குவது உங்களுக்கும் ஆபத்துதான். பத்து மாதம் கழித்து இரண்டு பேருக்கும் நினைவில் இருப்பது வேறு வேறாக இருக்கும்.

12ஆம் தேதி வருகிறார்கள் என்றீர்கள். முதல் மாதத்துக்கு எவ்வளவு? 31 நாள் உள்ள மாதம் என்றால் 12ஐயும் சேர்த்து 20 நாள். அந்த 20ஐ 31ஆல் வகுத்தால் மாத வாடகையில் 64.5 சதவீதம். "மாதம் என்றால் 30 நாள்" என்று வைத்தால் 66.7. இரண்டுமே தப்பில்லை. எது என்று எழுதி வைக்காததுதான் தப்பு. காலி செய்கிற மாதத்துக்கும் அதே முறை என்று சேர்த்து எழுதிவிடுங்கள், வருகைக்கு ஒன்று புறப்பாட்டுக்கு ஒன்று என்று ஆகிவிடக் கூடாது.

#3 மூன்றாம்மாடி

வாடகைதாரர் தரப்பிலிருந்து ஒரு குரல். தாமதக் கட்டணம் என்று ஒரு வரியைச் செருகப் போகிறீர்கள், தெரியும். அதை எழுதுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்களுக்குச் சம்பளம் எந்தத் தேதி வரும்?" 5ஆம் தேதி சம்பளம் வாங்குகிறவரிடம் 1ஆம் தேதி வாடகை கேட்டால் ஒவ்வொரு மாதமும் அவர் குற்றவாளி. 7 என்று வைத்துவிட்டால் இரண்டு பேருக்கும் நிம்மதி, உங்களுக்கு ஒரு காசும் குறையாது.

எனக்கு நடந்தது: வெள்ளிக்கிழமை ராத்திரி பணம் அனுப்பினேன், கடைசி நாள் சனிக்கிழமை. அவர் கணக்கில் ஏறியது திங்கள். இரண்டு நாள் தாமதம் என்று அடுத்த மாதம் தாமதக் கட்டணம் சேர்த்துக் கேட்டார். ஒப்பந்தத்தில் "செலுத்த வேண்டும்" என்றுதான் இருந்தது. நான் செலுத்திவிட்டேன் என்கிறேன், அவர் வந்து சேரவில்லை என்கிறார். அந்த ஒரு சொல்லை வைத்து இரண்டு வாரம் பேசினோம். தொகை பெரிதல்ல, அதற்கப்புறம் படிக்கட்டில் பார்த்தால் வணக்கம் சொல்வது நின்றுபோனதுதான் மிச்சம்.

தாமதக் கட்டணம் நாள் கணக்கில் ஏறும் என்று எழுதினால் மேலே ஓர் எல்லையும் போடுங்கள். எல்லை இல்லாமல் ஏறுவது வட்டிக்கடை.

#4 மேல்வீடு

இரண்டு பேருக்கும் நன்றி. சம்பளத் தேதி கேட்டுவிட்டேன், மாதக் கடைசி நாள். அதனால் 5ஆம் தேதி, கணக்கில் வந்து சேரும் நாள்தான் கணக்கு, விடுமுறை என்றால் அடுத்த வேலை நாள் என்று எழுதப் போகிறேன். 8 வரை தாமதமில்லை. அதற்குமேல் ஒரே தொகை, நாள் கணக்கு வேண்டாம்.

பழைய குடும்பம் சில மாதம் பாதி வாடகை இப்போது, பாதி அடுத்த வாரம் என்று கொடுத்தார்கள். நான் மறுக்கவில்லை. இதையும் எழுத வேண்டுமா?

#5 பேரேடு

கட்டாயம். பகுதிப் பணம் வாங்கிக்கொண்டால் மீதியை விட்டுக்கொடுத்ததாக ஆகாது என்று ஒரு வரி. அதைவிட முக்கியம், வருகிற பணம் முதலில் எதற்குப் போகும் என்பது.

எண் எளிதாக இருக்கட்டும், வாடகை 100, போன மாதத் தாமதக் கட்டணம் 5 என்று வைப்போம். இந்த மாதம் அவர் சரியான தேதியில் 100 கொடுக்கிறார். நீங்கள் அதில் 5ஐப் பழைய பாக்கிக்கு எடுத்துக்கொண்டால் இந்த மாத வாடகை 95தான் வந்திருக்கிறது. 5 குறைகிறது, ஆகவே மறுபடி தாமதக் கட்டணம். அடுத்த மாதமும் இதே கதை. ஒருமுறை தாமதித்தவர் வருடம் முழுக்கத் தாமதித்தவராகவே ஏட்டில் நிற்பார். "பெறப்படும் தொகை முதலில் நடப்பு மாத வாடகைக்கும், பிறகு பழைய பாக்கிக்கும், கடைசியில் தாமதக் கட்டணத்துக்கும் சேரும்" என்று எழுதினால் இந்தச் சுழல் கிடையாது. சில உரிமையாளர்கள் வேண்டுமென்றே தலைகீழாக எழுதுவார்கள். என் கண்ணில் அது கண்ணியமான வேலை இல்லை.

#6 நடுக்கட்டு

குறுக்கே ஒன்று. தாமதக் கட்டணத்துக்கும் அட்வான்ஸுக்கும் எத்தனை நாள் அவகாசம் தர வேண்டும் என்பதற்கும் இடத்துக்கு இடம் சட்டத்தில் உச்சவரம்பு வேறுபடும். சட்டம் தடுப்பதை இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. கையெழுத்துக்கு முன்னால் உங்கள் ஊர் வாடகைச் சட்டத்தை ஒரு வக்கீலிடம் கேட்டுவிடுங்கள். இன்னொன்று: "பாக்கி இருந்தால் மின்சாரத்தையோ தண்ணீரையோ நிறுத்தும் உரிமை உரிமையாளருக்கு உண்டு" என்று எங்கிருந்தோ ஒரு மாதிரி ஒப்பந்தத்தைப் பிரதி எடுத்துப் போட்டுவிடாதீர்கள். பல நாடுகளில் அது சட்டவிரோதம். பாக்கியை வசூலிக்க வழி வேறு, குடியிருக்கிறவர் வீட்டு விளக்கை அணைப்பது வேறு.

#7 மின்கம்பி

நான் வயரிங் வேலை பார்ப்பவன். எல்லோரும் வாடகைத் தேதியிலேயே நிற்கிறீர்கள். மேல்வீடு அண்ணா சொன்ன சண்டை அங்கே இல்லை, சப் மீட்டரில் இருக்கிறது.

முதலில் கட்டண விகிதம். பல இடங்களில் யூனிட் கூடக் கூட விலையும் கூடும், படிப்படியாக. இரண்டு வீடு ஒரே இணைப்பில் இருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து மேல் படிக்குப் போய்விடுவீர்கள். கணக்குக்காக ஒரு கற்பனை விகிதம்: முதல் 100 யூனிட் வரை யூனிட்டுக்கு 2, அதற்கு மேல் 5. கீழ்வீடு 90, மேல்வீடு 110. தனித்தனி இணைப்பு என்றால் கீழ்வீடு 180, மேல்வீடு 250, ஆக மொத்தம் 430. ஒரே இணைப்பு என்றால் 200 யூனிட்டுக்கு 700. அந்தக் கூடுதல் 270 யார் தலையில்?

ஒப்பந்தத்தில் "சப் மீட்டர்படி" என்று மட்டும் எழுதியிருந்தால் இதற்குப் பதில் இல்லை. நடைமுறையில் மூன்று விதம் பார்த்திருக்கிறேன். ஒன்று, மொத்தப் பில்லை மொத்த யூனிட்டால் வகுத்துச் சராசரி எடுப்பது. இங்கே 3.5, கீழ்வீடு 315 தர வேண்டும். இரண்டு, உச்சப்படி விலையைக் கீழ்வீட்டின் எல்லா யூனிட்டுக்கும் போடுவது: 450. மேல்வீட்டுக்கு 110 யூனிட்டுக்கு 250தான் விழும். மூன்று, கீழ்வீட்டுக்குத் தனி இணைப்பு இருந்திருந்தால் எவ்வளவு வருமோ அதை மட்டும் வாங்குவது: 180, மீதி 520ம் உரிமையாளருக்கு.

அண்ணா, நீங்கள் இதுவரை எந்த விதம்?

#8 மேல்வீடு

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இரண்டாவது. கெட்ட எண்ணம் இல்லை. பில்லில் கடைசி வரியில் இருக்கிற விகிதத்தைப் பார்த்து அதையே பெருக்கினேன். "என் ஒருத்தன் வீடு மட்டும் இருந்தால் இந்தப் படிக்கே போகாதே" என்று மனதுக்குள் ஒரு நியாயம்.

#9 மூன்றாம்மாடி

அவரும் அதையே சொல்லலாமே! அவர் ஒருத்தர் மட்டும் இருந்தாலும் போயிருக்காது. இரண்டு பேரும் சேர்ந்து ஏறிய படி அது. மின்சாரத்தை வாங்கிய விலையைவிட அதிகத்துக்குக் குடித்தனக்காரருக்கு விற்கக் கூடாது என்று சில நாடுகளில் விதியே இருக்கிறது. விதி இல்லாத இடத்திலும், பில்லைப் பார்க்கத் தெரிந்த ஒரு வாடகைதாரர் வந்தால் உங்கள் மரியாதை போய்விடும். சராசரிக்கு வாருங்கள். பில்லின் நகலையும் கொடுங்கள். நகல் கொடுப்பது ஒப்பந்தத்தில் கடமையாகவே இருக்கட்டும், கேட்டால் காட்டுவேன் என்பது போதாது. கேட்பதற்கே பலர் கூச்சப்படுவார்கள்.

#10 மின்கம்பி

சராசரி என்றால் ஒரு நிபந்தனை. மெயின் மீட்டர் ரீடிங் எடுக்கிற அன்றைக்கே சப் மீட்டர் ரீடிங்கும் எடுக்க வேண்டும். பில் ஒரு தேதியில், சப் மீட்டர் வேறு தேதியில் என்றால் பில்லில் 60 நாள், உங்கள் கணக்கில் 66 நாள் என்று வந்து நிற்கும். இரண்டு பேரும் கூட நின்று ஒரு படம், முகப்பில் எண்ணும் மீட்டரின் தொடர் எண்ணும் தெரியும்படி. அதை உடனே ஒருவருக்கொருவர் அனுப்பிவிடுங்கள்.

நிலைக்கட்டணத்தை மறக்காதீர்கள். யூனிட் சுழியம் என்றாலும் அது வரும். வீடு காலியாக இருக்கும் மாதம் அது உங்களுடையது, குடியிருக்கும்போது பாதிப் பாதியா, யூனிட் விகிதப்படியா என்று எழுதுங்கள்.

அப்புறம் முக்கியமான சோதனை. தயவுசெய்து புதுக் குடும்பம் வருவதற்கு முன் செய்யுங்கள், இப்போது வீடு காலியாகத்தானே இருக்கிறது. கீழ்வீட்டில் எல்லா சுவிட்சையும் அணையுங்கள், பிளக்குகளைப் பிடுங்குங்கள், மெயினை மட்டும் போட்டே வையுங்கள். சப் மீட்டரில் சிவப்பாக ஒரு சின்ன விளக்கு சிமிட்டும், பக்கத்தில் 1600 என்றோ 3200 என்றோ ஓர் எண் இருக்கும். அத்தனை முறை சிமிட்டினால் 1 யூனிட். எல்லாம் அணைந்திருக்கும்போது அது சிமிட்டக் கூடாது. பிறகு படிக்கட்டு விளக்கு, வாசல் விளக்கு, மோட்டார் என்று பொதுவானதை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எதைப் போட்டதும் சிமிட்ட ஆரம்பிக்கிறதோ அது கீழ்வீட்டுக் கணக்கில் ஓடுகிறது என்று அர்த்தம். பழைய வீடுகளில் பக்கத்தில் எந்த வயர் இருக்கிறதோ அதிலேயே இணைத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

#11 நாலுபேர்அறை

தண்ணீர் பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் வீட்டில் நாங்கள் நான்கு பேர், கீழே உரிமையாளர் இரண்டு பேர், ஒரே தண்ணீர் மீட்டர். "பாதிப் பாதி" என்று எழுதியிருந்தது. எங்களுக்கு லாபம்தான், பேசாமல் இருந்தோம். பிறகு எங்களில் இரண்டு பேர் போய்விட்டார்கள், கீழே அவருடைய மகள் குடும்பம் வந்து தங்கியது. இப்போது நாங்கள் இரண்டு, அவர்கள் ஐந்து. பாதிப் பாதி அப்படியே! இந்த முறை நாங்கள் போய்க் கேட்டோம், முன்பு பேசாமல் இருந்தது ஞாபகம் வந்து வெட்கமாகவும் இருந்தது. ஆள் கணக்கு என்று மாற்றினோம். தொடர்ந்து 15 நாளுக்கு மேல் தங்கினால் ஓர் ஆள், குழந்தைக்கும் அதே கணக்கு. விருந்தாளி இரண்டு நாள் வந்து போனால் யாரும் எண்ண மாட்டோம்.

இன்னொன்று, நண்பர்கள் சேர்ந்து எடுக்கிற வீடு என்றால்: நான்கு பேரும் கையெழுத்துப் போட்டால் வாடகை முழுவதற்கும் நான்கு பேரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். அதன் பொருள் "என் பங்கு நான் கொடுத்துவிட்டேன்" என்று சொல்ல முடியாது, ஒருவர் ஓடினால் மீதி மூவர் கட்ட வேண்டும். நான் இதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். ஓடினவன் இன்னும் எனக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்புகிறான்.

#12 மேல்வீடு

சிரித்துவிட்டேன். ஆள் கணக்கு நல்ல யோசனை. தண்ணீரையும் வாடகையிலேயே அடக்கிவிட்டால் தலைவலி இல்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். செய்யலாமா?

#13 பேரேடு

செய்யலாம், மேலே ஓர் அளவு போட்டுவிட்டு. தண்ணீர் மீட்டரில் 1 கனமீட்டர் என்றால் 1,000 லிட்டர். "மாதம் இத்தனை கனமீட்டர் வரை வாடகையில் அடக்கம், அதற்கு மேல் போனால் கூடுதலுக்குரிய பில் தொகை ஆள் விகிதப்படி" என்று எழுதலாம். போன ஒரு வருடப் பில்லை எடுத்துப் பார்த்து அளவை முடிவு செய்யுங்கள், ஊகத்தில் வேண்டாம். எல்லையே இல்லாமல் அடக்கிவிட்டால் ஒழுகுகிற குழாயைப் பற்றி யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். சொல்ல வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை அல்லவா?

ஒழுகலுக்கும் ஒரு வரி: கண்ட 2 நாளுக்குள் வாடகைதாரர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், தெரிவித்த பிறகு வீணாகும் தண்ணீர் உரிமையாளர் கணக்கு.

இணையம், குப்பைக் கட்டணம் பற்றி அதிகம் யோசிக்காதீர்கள். இணையத்தை அவர் பெயரிலேயே எடுத்துக்கொள்ளட்டும். குப்பைக் கட்டணம் நிலையான தொகை என்றால் வாடகையில் சேர்த்துவிடுங்கள்.

#14 சாவிக்கொத்து

நான் நான்கு வீடு விட்டிருக்கிறேன், பத்து வருடமாக. என் அனுபவத்தில் ஒப்பந்தம் அடி வாங்குவது காலி செய்கிற வாரத்தில்தான். பில் வருவது ஒரு தேதி, ஆள் போவது ஒரு தேதி. போகிற அன்றைக்குக் கடைசிப் பில் கையில் இருக்காது. அட்வான்ஸை அன்றைக்கே முழுசாகக் கொடுத்தால் பில் வந்ததும் போன் எடுக்க மாட்டார்கள். முழுசாக நிறுத்திக்கொண்டால் நீங்கள் போன் எடுக்கவில்லை என்று அவர்கள் சொல்வார்கள்.

நான் எழுதுவது இப்படி: காலி செய்யும் நாளில் இரண்டு பேரும் நின்று ரீடிங் எடுப்பது. கடந்த மூன்று பில்களின் சராசரியை மட்டும் அட்வான்ஸில் நிறுத்தி வைப்பது. பில் வந்த 7 நாளுக்குள் நகலோடு கணக்கைத் தீர்ப்பது. பில் வரவே இல்லை என்றால் காலி செய்த 60ஆம் நாள் மீதியைத் திருப்பிவிடுவது. அந்தக் கடைசி வரி என்னைக் கட்டுப்படுத்துகிறது, அதனால்தான் அவர்கள் முதல் வரியை நம்புகிறார்கள்.

ஊகப் பில் என்று ஒன்று உண்டு. ரீடிங் எடுக்க ஆள் வர முடியாவிட்டால் பழைய பயன்பாட்டை வைத்து ஒரு தொகை போட்டு அனுப்புவார்கள், அடுத்த பில்லில் சரிசெய்வார்கள். அந்த இரண்டு பில்லுக்கு நடுவில் குடித்தனம் மாறினால், பழையவர் எரித்ததைப் புதியவர் கட்டுவார். உங்கள் ரீடிங் படங்கள்தான் அங்கே காப்பாற்றும். தனி இணைப்பு உள்ள வீடு என்றால் பெயர் மாற்றிக் கொடுத்துவிடுங்கள், அதற்கு முன் பழைய பாக்கி இல்லை என்று பார்த்துவிடுங்கள்.

கடைசி மாத வாடகையை அட்வான்ஸில் கழிக்கலாமா கூடாதா என்பதையும் எழுதுங்கள். மேல்வீடு சாருக்கு நடந்தது அதுதான். கூடாது என்றால் கூடாது. இல்லை, கழிக்கலாம் என்றால் சேதத்துக்குத் தனியாக ஒரு தொகை இருக்கட்டும்.

#15 மேல்வீடு

இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். பணம் பற்றிய பகுதி மட்டும்:

"வாடகை அந்தந்த மாதத்துக்கு அந்த மாதம் 5ஆம் தேதிக்குள் உரிமையாளரின் வங்கிக் கணக்கில் வந்து சேர வேண்டும். 5ஆம் தேதி வங்கி விடுமுறை என்றால் அடுத்த வேலை நாள். 8ஆம் தேதி வரை வந்தால் தாமதமாகக் கருதப்படாது. முதல் மாதத்துக்கும் கடைசி மாதத்துக்கும் வாடகை, குடியிருந்த நாட்களை அந்த மாதத்தின் மொத்த நாட்களால் வகுத்துக் கணக்கிடப்படும்.

மின்கட்டணம்: மொத்தப் பில் தொகையிலிருந்து நிலைக்கட்டணத்தைக் கழித்து, மொத்த யூனிட்டால் வகுத்து வரும் சராசரியைச் சப் மீட்டர் யூனிட்டால் பெருக்க வேண்டும். நிலைக்கட்டணம் பாதிப் பாதி. இரண்டு மீட்டர் ரீடிங்கும் ஒரே நாளில், இருவர் முன்னிலையில். பில் நகல் கிடைத்த 7 நாளுக்குள் வாடகைதாரர் செலுத்த வேண்டும். மோட்டார், படிக்கட்டு விளக்கு மின்செலவு உரிமையாளருடையது.

வாடகை ஆண்டுக்கு 5 சதவீதம் உயரும். பழுதுகள் நியாயமான காலத்தில் சரிசெய்யப்படும்."

தண்ணீர், காலி செய்வது இரண்டும் மேலே நீங்கள் சொன்னபடியே. குறை சொல்லுங்கள்.

#16 பேரேடு

கடைசி இரண்டு வாக்கியம்தான் சறுக்குகிறது. 5 சதவீதம் எதன்மேல்? முதல் வாடகை 100 என்றால், அதன்மேலேயே கணக்கிட்டால் மூன்று வருடத்தில் 115. அந்தந்த ஆண்டு வாடகையின்மேல் என்றால் 115.76. வித்தியாசம் சிறிது, ஆனால் பேச்சு பெரிதாகும். எந்தத் தேதியிலிருந்து, எத்தனை நாள் முன்னால் தெரிவித்து என்பதும் வேண்டும். "நியாயமான காலம்" என்பதை அடித்துவிட்டு நாள் போடுங்கள், தண்ணீர் வராததற்கு ஒரு நாள், சுண்ணாம்பு உதிர்வதற்கு ஒரு மாதம் என்று.

மற்றபடி மின்சாரப் பத்தி நன்றாக இருக்கிறது. அதன் கீழேயே ஒரு மாதிரிக் கணக்கையும், கற்பனை எண்களோடு, ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள். வாக்கியத்தை இரண்டு விதமாகப் படிக்கலாம், போட்டுக் காட்டிய கணக்கை அப்படிப் படிக்க முடியாது.

#17 மூன்றாம்மாடி

வாடகைதாரராக நான் இதில் கையெழுத்துப் போடுவேன். மோட்டார் உங்கள் செலவு என்று எழுதியிருக்கிறீர்கள், மின்கம்பி சொன்ன சோதனையைச் செய்தீர்களா?

#18 மேல்வீடு

செய்தேன். இன்று காலை.

கீழ்வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டர் முன்னால் நின்றேன். சிமிட்டவில்லை. படிக்கட்டு விளக்கைப் போட்டேன், ஒன்றுமில்லை. அப்பாடா என்றிருந்தது. மனைவியை மாடியிலிருந்து மோட்டாரைப் போடச் சொன்னேன். போட்ட உடனே சிவப்பு விளக்கு சிமிட்டத் தொடங்கியது. கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன், ஒரு நிமிடத்தில் 53. மீட்டரில் 3200 என்று போட்டிருக்கிறது. மணிக்கு ஏறத்தாழ 1 யூனிட். 1 ஹெச்.பி. மோட்டார், சரியாகத்தான் காட்டுகிறது. இரண்டு வீட்டுக்கும் சேர்த்துத் தினமும் ஒன்றரை மணி நேரம் ஓடும். மாதம் 45 யூனிட். 14 மாதத்துக்கு 630.

அதையும் உச்சப்படி விலையில் வாங்கியிருக்கிறேன்.

#19 மின்கம்பி

வயரை மாற்றுவது அரை நாள் வேலை அண்ணா. 12ஆம் தேதிக்குள் முடித்துவிடலாம். லைசன்ஸ் உள்ள ஆளைக் கூப்பிடுங்கள், நீங்களே கை வைக்காதீர்கள். மாற்றிய பிறகு அதே சோதனையைப் புதுக் குடும்பத்தை வைத்துக்கொண்டே இன்னொரு தடவை செய்யுங்கள்.

#20 மேல்வீடு

ஆள் நாளைக்கு வருகிறார். பழைய பில்கள் பத்திரமாக இருந்தன. மோட்டார் யூனிட்டைக் கழித்து, மீதியைச் சராசரி விலையில் திரும்பக் கணக்குப் போட்டேன். கடைசி மாத வாடகையை அட்வான்ஸில் கழித்தது போக, பில் பாக்கி என்று நான் பிடித்து வைத்திருந்த தொகையைவிட அவருக்கு நான் தர வேண்டியது அதிகம்.

சாயங்காலம் போன் செய்தேன். எடுப்பார் என்று நினைக்கவில்லை, மூன்றாவது மணியில் எடுத்தார். மோட்டார் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "காலையில் நீங்கள் மோட்டார் போடும்போதெல்லாம் எங்கள் ஃபேன் கொஞ்சம் மெதுவாகும் சார், அம்மா ஒருநாள் சொன்னாங்க, நான்தான் கண்டுக்கலை" என்றார். வங்கிக் கணக்கு எண்ணை அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.